‘யாரு?’ என்பதற்கு அடுத்த கேள்வி

தப்பான லென்ஸைச் சிவப்புத் தட்டில் போடுவதுதான் என் வேலை. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்து, ஃபிரேமில் மாட்டி, கடைகளுக்கும் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிற பட்டறை எங்களுடையது. உள்ளே வருகிற லென்ஸின் பவரை முதலில் பார்ப்பவளும் நான், வேலை முடிந்து வெளியே போகிற கண்ணாடியைக் கடைசியில் பார்ப்பவளும் நான். நடுவில் எவர் கையில் என்ன கோளாறு நடந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. பட்டறையில் இதற்கு மாமியார் பார்வை என்று பெயர். என் மாமியார் பாவம், அவர் ஒருநாளும் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

அந்த மாதம் சிவப்புத் தட்டு நிரம்பி வழிந்தது. பவரில் தப்பில்லை, கோணத்தில் தப்பு. சில கண்களுக்குப் பவர் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இருக்காது. இந்தச் சாய்வில் கூடுதல், அந்தச் சாய்வில் குறைவு என்று இருக்கும். அப்படிப்பட்ட லென்ஸ் ஃபிரேமுக்குள் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தரை சாய்ந்து தெரியும், தலை வலிக்கும், படியில் கால் வைக்கப் பயமாக இருக்கும். திரும்பிய லென்ஸ்களாகவே என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் மறுபடி செய்ய வேண்டியிருந்ததால், ஆஸ்பத்திரிக்குச் சொன்ன தேதியில் எதுவுமே போய்ச் சேரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்று முதலாளி சிவப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறை நடுவில் வந்து நின்றார். நல்ல மனுஷர்தான். சம்பளம் ஒருநாள் தள்ளிப் போகாது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் தன் வண்டியிலேயே கொண்டு போய் விடுவார். ஆனால் கோபம் வந்துவிட்டால் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்.

“யாரு?” என்றார். “யாரு பண்ணது இத?”

எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

“சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். யாருன்னு தெரிஞ்சா, அந்த ஆளு அன்னிக்கே கணக்க முடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். தெரியலேன்னா நானே ஒருத்தரப் பாத்து அனுப்புவேன்.”

எல்லாருடைய கண்ணும் லென்ஸ் தேய்க்கும் மிஷின் பக்கம் போனது. அங்கே நின்றுகொண்டிருந்தவள் என் நாத்தனார்.

என் வீட்டுக்காரரின் தங்கை அவள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். முதலாளியிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். கெட்டிக்காரி, மிஷினைச் சீக்கிரமே கைவசப்படுத்திக்கொண்டாள். ஆரம்பத்தில் ஒருநாள் மட்டும் வரிசையாகச் சில லென்ஸ்கள் விரிசல் விட்டன. அன்று முதலாளி போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டடத்து ஆட்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் கையில் ஒன்றுகூட விரியவில்லை.

இப்போது அவள் இரண்டு அறையுள்ள ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தாள். வேலை நிரந்தரம் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால்தான் சாவி கைக்கு வரும் என்று அந்த வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அவள் தனிக்குடித்தனம் போக வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் ஆசை. பொய் சொல்வானேன்? ஒரே அடுப்படியில் ஒருத்தி கரண்டியை இன்னொருத்தி எத்தனை காலம் பிடுங்கிக்கொண்டிருப்பது? ஆனால் அதற்கு அவளுக்கு இந்த வேலை இருக்க வேண்டும். வேலைக்கு உலை வைக்கிற தட்டை நிரப்புவதோ என் கை.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“கொஞ்சம் கண்ண மூடிக்கக் கூடாதா அண்ணி?”

“கண்ண மூடிக்கிட்டு கண்ணாடி எப்படிடி பாக்கறது?”

“லேசா திரும்பினத விட்டுடலாமே. யாருக்குத் தெரியப் போகுது?”

“போட்டுக்கறவங்களுக்குத் தெரியும். எந்தப் புண்ணியவதியாவது மாடிப்படியில உருண்டு விழுந்தா நீ போயி தூக்குவியா?”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் காரணம் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு குணம். ஒன்று புரியவில்லை என்றால் சோறு இறங்காது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சிவப்புத் தட்டைக் கவிழ்த்தேன். லென்ஸ்களை மேசைமேல் பரப்பி, எது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பவர் பார்க்கிற கருவியில் வைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பசி மறந்துபோனது. எல்லாமே ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

கவனக்குறைவு என்றால் ஒன்று இப்படிக் கோணும், இன்னொன்று அப்படிக் கோணும். மனுஷனுடைய அசட்டை அவ்வளவு ஒழுங்காக இருக்காது. எல்லாம் ஒரே பக்கம் என்றால், அதுவும் மிஷின் சக்கரம் சுற்றுகிற பக்கம் என்றால், எதுவோ பிடித்துத் திருப்புகிறது. எது? ஏன் இந்த மாதம் மட்டும்? போன மாதம் இதே மிஷின், இதே ஆட்கள்தானே? எனக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது.

முதலில் ரேடியோவிடம் போனேன். மிஷினுக்குப் போகும் முன் லென்ஸில் ஒட்டுப் போடுகிறவர் அவர். இரண்டு பக்கமும் பசையுள்ள ஒரு சின்ன ஸ்டிக்கரை லென்ஸின் நடுவில் ஒட்டி, அதன்மேல் ஒரு குமிழை அழுத்துவார். மிஷின் அந்தக் குமிழைப் பிடித்துக்கொண்டுதான் லென்ஸைச் சுற்றும். பேரன் எடுத்த மனுஷர். காலையில் வந்தால் சாயங்காலம் வரை வாயிலிருந்து ஒரு சொல் உதிராது. அதனால்தான் ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எங்கள் ஆட்களின் குசும்பு அப்படி. நாத்தனார் என்னை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவர் உட்பட மொத்தப் பட்டறையும் என்னை அண்ணி ஆக்கிவிட்டது.

“லென்ஸ் ஏன் திரும்புது?” என்று கேட்டேன்.

“ஆயிருக்கும்,” என்றார்.

“என்ன ஆயிருக்கும்?”

“ஏதாவது ஆயிருக்கும் அண்ணி.”

அடுத்து மாப்பிள்ளை. தேய்த்த லென்ஸை ஃபிரேமில் மாட்டுகிறவன். இஸ்திரி கலையாத சட்டையும் தலையில் எண்ணெய்ப் பளபளப்புமாகத் தினமும் பெண் பார்க்கப் போகிறவனைப் போல வருவான்.

“திரும்பிப்போச்சு அண்ணி,” என்றான். “எல்லாம் கெட்ட நேரம். நீங்க ஏன் சும்மா வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கறீங்க?”

கடைசியாக நாத்தனார். “அதுவா நகர்ந்துடுது,” என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுவரோடு முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா முதலாளிக்குப் புத்தி சொல்லியிருக்கிறார், ஆட்களோடு உட்கார்ந்து பேசுங்கள், மனம்விட்டுப் பேச விடுங்கள் என்று. அதையும் செய்தார். டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். எங்களை அரைவட்டமாக உட்கார வைத்துவிட்டு, எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பயப்படாம பேசுங்க,” என்றார். “நாம எல்லாம் ஒரே குடும்பம். மனசுல என்ன இருக்கோ சொல்லுங்க. எவனாவது சொல்லாம மறைச்சான், தொலைச்சுப்புடுவேன்.”

பிஸ்கட் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ரேடியோ தன் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் மாப்பிள்ளை எழுந்தான்.

“ஃபேன் ஒன்னு சத்தம் போடுது முதலாளி.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

ஃபேனுக்கு எண்ணெய் விட்டார்கள். லென்ஸ் திரும்புவது நிற்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள், ஒரு பிஸ்கட்டுக்கு வாயைத் திறந்துவிடுவோமா?

மறுநாள், வெள்ளிக்கிழமை. காலையில் நான் பையில் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினார்.

“உன்னோட கண்ணாடி டம்ளர் உடைஞ்சுபோச்சு.”

“உடைஞ்சுபோச்சா?”

“ஆமா, உடைஞ்சுபோச்சு.”

“அதுவா போயி உடைஞ்சுக்கிச்சா? பாவம், அதுக்கு என்ன துக்கமோ.”

“கை பட்டுடுச்சு.”

“யாரு கை?”

“என் கைதான். வேற யாரு கை?”

“அப்ப உடைச்சிட்டேன்னு சொல்லுங்களேன். வாயில முள்ளா குத்துது?”

“காலங்காத்தால எதுக்குடி எனக்கு இலக்கணம் நடத்தற?” என்று அவர் துடைப்பத்தைத் தேடப் போய்விட்டார். நாத்தனார் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தபிறகும் அந்த டம்ளர் என்னை விடவில்லை. யோசித்துப் பார்த்தால், எங்கள் பட்டறையில் இத்தனை வருஷத்தில் ஒருவரும் எதையும் உடைத்ததே இல்லை. எல்லாம் உடைந்து போயிருக்கின்றன. கீறல் விழுந்துபோச்சு, சாவி தொலைஞ்சுபோச்சு, ஸ்க்ரூ காணாமப்போச்சு, தேதி மறந்துபோச்சு. சாமான்கள்தான் தாமாகவே எல்லா அக்கிரமத்தையும் செய்கின்றன. நாங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறோம். நம் பாஷையில்தான் இதற்கு எவ்வளவு வசதி! உடைத்தேன் என்றால் ஆள் இருக்கிறது, உடைந்துபோச்சு என்றால் ஆளே இல்லை. பொய் என்றும் சொல்ல முடியாது, டம்ளர் உடைந்துதானே போயிருக்கிறது? இந்த ஒரு போச்சுக்குப் பின்னால் இத்தனை பேர் ஒளிந்து நிற்கிறோமே என்று முதலில் சிரிப்பு வந்தது. இறங்குவதற்குள் எரிச்சலாகிவிட்டது.

அன்று மதியம் வினை என் தலையிலேயே வந்து விடிந்தது. வருகிற லென்ஸின் பவரைப் பார்த்து, அதை அந்தந்த ஆளுக்குரிய தட்டில் போட வேண்டும். திரும்புகிற லென்ஸையே நினைத்துக்கொண்டிருந்ததில் இரண்டு பேருடையதை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டிருக்கிறேன். ரேடியோ ஒட்டி, நாத்தனார் தேய்த்து, மாப்பிள்ளை மாட்டி, கடைசிச் சோதனைக்கு என்னிடமே திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. அத்தனையும் வீண். நிமிர்ந்து பார்த்தால் முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார்.

“என்னம்மா இது?”

“மாறி...” என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. மிச்சம் நாக்கு நுனியில் நின்றது. காலையில் வீட்டுக்காரரை அந்தப் பாடு படுத்திவிட்டு, மதியம் அதையே நான் சொன்னால் எனக்கே அடுக்குமா? மிஷினுக்குப் பின்னாலிருந்து நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு பண்ணது?” முதலாளியின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது.

“நான்தான் முதலாளி. ரெண்டு பேரு லென்ஸையும் மாத்திப் போட்டுட்டேன்.”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். இத்தனை வருஷமாக ‘யாரு?’ என்று மட்டுமே கேட்டுப் பழகியவர். பதில் வந்ததே கிடையாது. கேட்பார், கத்துவார், களைத்துப்போய் அறைக்குள் போய்விடுவார். இப்போது பதில் வந்துவிட்டது. அதற்கு அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னால் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

“நீயா?” என்றார்.

“நான்தான்.”

“நீ எப்பவும் மாத்த மாட்டியேம்மா.”

“இன்னிக்கு மாத்திட்டேன்.”

கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, “எப்படி மாத்துன?” என்று கேட்டார்.

அதில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நானும் செய்து காட்டினேன். தட்டுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. பார்வை கருவியில் இருக்கும்போது கை ஒரு தட்டு தள்ளிப் போனால் அவ்வளவுதான். என்னை எழுப்பிவிட்டு அவரே என் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். அவரும் ஒன்றை மாற்றிப் போட்டார்.

“அட!” என்றார். “வேற வேற கலர்ல தட்டு வாங்கிடலாம்.” எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

மாப்பிள்ளை ஓடி வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு அண்ணி!”

“இன்னொரு தடவ போச்சுன்னு சொன்னே, பல்லத் தட்டிடுவேன்,” என்றேன்.

டீ நேரத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. பார்த்தால் ரேடியோ.

“அண்ணி, ஒரு விஷயம்,” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சொல்லுங்க.”

“இந்த மாசம் வந்த புது லென்ஸ்ல ஒட்டு நிக்கல. தண்ணி தங்காம இருக்க மேல ஏதோ பூசியிருக்காங்க இல்ல? தண்ணியே ஒட்டலேன்னா என் ஸ்டிக்கர் எப்படி ஒட்டும்? கையால திருகிப் பாத்தாலே வழுக்குது.”

“இது எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?”

“மொத நாளே.”

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பழமொழி சும்மாவா சொன்னார்கள்! அது தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் இந்த மனுஷர் அடுத்து வாயைத் திறக்க இன்னொரு பேரன் பிறக்க வேண்டும். முழுங்கிக்கொண்டேன்.

“ஏன் சொல்லாம இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அப்படிம்பாங்க. ஒட்டத் தெரியாம லென்ஸ குத்தம் சொல்றான்னு.”

“வேற என்ன கவனிச்சீங்க?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “வழுக்கினாலும், மிஷின் இறுக்கிப் பிடிச்சா நிக்கும். மிஷின் முன்ன மாதிரி இறுக்கிப் பிடிக்கல.” சொல்லி முடித்த பிறகுதான் யாருடைய மிஷின் என்பது அவருக்கே உறைத்தது. “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அண்ணி,” என்று பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கிட்டத்தட்ட எல்லாம் விளங்கிவிட்டது. லென்ஸ் வழுக்குகிறது, மிஷின் தளர்வாகப் பிடிக்கிறது, சக்கரம் தன் பக்கமாக இழுத்துத் திருப்பிவிடுகிறது. வழுக்குவது இந்த மாதம் வந்தது. தளர்வு எப்போது வந்தது? எதற்காக? அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். மறுநாள் சனிக்கிழமை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“மிஷின்ல இறுக்கத்த நீயா குறைச்ச?”

அவள் முகம் வெளுத்தது. “குறைஞ்சிருக்கும்,” என்றாள். “ஏன், தட்டுல போட்டது பத்தலையா? என் பேரையும் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?”

குரல்தான் என்னுடையது, கேட்ட கேள்வி முதலாளியுடையது. கொஞ்சம் மெதுவாகக் கேட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். பஸ் வந்தது, ஏறினோம், கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் தொங்கிக்கொண்டு வந்தோம். இறங்கி நடக்கும்போது மறுபடி ஆரம்பித்தேன்.

“சரிடி, குறைஞ்சிருக்கும். குறையற மாதிரி என்ன வந்துச்சு? எனக்கு அதுதான் புரியல.”

“அன்னிக்கு லென்ஸு விரிஞ்சப்ப அவரு கத்துனாரே, ஞாபகம் இருக்கா?”

“தெருவுக்கே ஞாபகம் இருக்கும்.”

“அதுக்கப்புறம் அந்தப் பிடிய இறுக்கும்போதெல்லாம் கை நடுங்குது அண்ணி. விரிஞ்சிடுமோ, விரிஞ்சிடுமோன்னே இருக்கும். கொஞ்சம் தளத்துனேன். விரியல. அப்படியே விட்டுட்டேன். நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. இந்த மாசம்தான் லென்ஸு திரும்ப ஆரம்பிச்சுச்சு. இறுக்கினா விரியும், தளத்துனா திரும்பும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.” அவள் நின்றுவிட்டாள். “தெரிஞ்சேதான் பண்ணிக்கிட்டிருக்கேன். சொன்னா வேலையும் இல்ல, வீடும் இல்ல. சொல்லலேன்னா ரேடியோவ அனுப்பிடுவாரோன்னு பயமா இருக்கு.”

“நான் வேணா முதலாளிகிட்ட...”

“வேண்டாம். சொன்னா நான்தான் சொல்லணும்.” பிறகு, “சொல்வேனான்னு தெரியல,” என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்களுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது. அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை முதலாளி சிவப்புத் தட்டோடு வந்து நின்றார். கேட்கும் முன்பே ரேடியோ எழுந்தார்.

“புது லென்ஸு வழுக்குது முதலாளி. ஒட்டு நிக்கல.”

ரேடியோ பேசுகிறார் என்பதில் மாப்பிள்ளை கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தவறவிட்டான். முதலாளியின் குரல் ஏறியது. “லென்ஸு மேல பழியா? நான் போயி பாத்துப் பாத்து வாங்குன லென்ஸுய்யா அது! இத்தனை நாளா யாரும் சொல்லல, இன்னிக்கு வந்து சொல்றியா?” ரேடியோ அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுபடி எல்லாரும் தரையைப் பார்க்க ஆரம்பித்தோம். அவ்வளவுதான், எல்லாம் மூடிக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன்.

“மிஷின்ல இறுக்கம் குறைஞ்சு...” என்றது ஒரு குரல். நாத்தனார். பாதியில் நின்றுவிட்டாள்.

“குறைச்சேன்,” என்றாள். “நான்தான் குறைச்சேன்.”

முதலாளி தட்டைக் கீழே வைத்தார். அவர் தேடிய ‘யாரு’ கிடைத்துவிட்டது. சொன்ன சொல்லை மாற்றாத மனுஷர் வேறு. நாத்தனார் தன் பை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, “எதுக்குக் குறைச்ச?” என்று கேட்டார்.

“நீங்க கத்துனீங்க. லென்ஸ் விரிஞ்சப்ப. அதுக்கப்புறம் இறுக்க பயம்.”

“நானா? நான் எங்க கத்துனேன்? ஏதோ கொஞ்சம் சத்தம் வந்திருக்கும்.”

“சத்தம் தானா வராது முதலாளி,” என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒரே வீட்டில் இரண்டு சம்பளமும் இன்றோடு காலி என்று எனக்குள் ஓடியது. முதலாளி என்னை முறைத்தார். ஃபேனைப் பார்த்தார்.

“கத்துனேன்,” என்றார் மெதுவாக.

அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. இதற்குப் பிறகு அவர் கத்தவே இல்லை என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமையே கத்தினார். ஆனால் அன்று அந்த ஒரு சொல்லை அவர் சொன்னார். சொல்லிவிட்டு மிஷின் பக்கத்தில் போய் நின்றார்.

“எவ்வளவு இறுக்கினா விரியாது, எவ்வளவு தளத்துனா திரும்பாது? உனக்குத் தெரியுமா?”

“தெரியாது முதலாளி,” என்றாள்.

“ரேடியோ, உனக்கு?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது,” என்றார். “இந்தத் தட்டுல இருக்கறது எப்படியும் வீணானதுதான? சின்ன ஃபிரேமுக்குத் தேய்க்கற மாதிரி ஒவ்வொன்னா போட்டு இறுக்கிக்கிட்டே வா. எங்க விரியுதுன்னு பாத்துடலாம்.”

“அப்ப என் கணக்கு?”

“கணக்க முடிச்சிட்டா இந்த மிஷின ஓட்டப் போறது நானா? மொதல்ல இத கண்டுபிடி. திங்கக்கிழமை அந்த வீட்டுச் சொந்தக்காரனுக்கு என்ன எழுதித் தரணும்னு சொல்லு.”

எல்லாரும் மிஷினைச் சுற்றிக் கூடிவிட்டோம். ரேடியோ ஒட்டிக் கொடுத்தார், நாத்தனார் மாட்டினாள், தேய்த்து முடித்ததை நான் கருவியில் வைத்துப் பார்த்துச் சொன்னேன். திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். திரும்பியிருந்தது, முன்னைவிடக் குறைவாக. மாப்பிள்ளை பந்தயம் கட்ட ஆள் தேடினான். இன்னும் கொஞ்சம். இம்முறை கிட்டத்தட்ட நேராக வந்தது. அடுத்த லென்ஸை மாட்டிவிட்டு அவள் பிடியின்மேல் கையை வைத்தாள். கை நடுங்கியது.

“உடைஞ்சிட்டா?” என்றாள்.

“உடையட்டும். எதுக்கு மேல போகக் கூடாதுன்னு தெரிய வேணாமா?” என்றார் முதலாளி.

அவள் இறுக்கினாள். சக்கரம் சுற்றியது. ‘டக்’கென்று ஒரு சத்தம். லென்ஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரிந்து இரண்டாகிவிட்டது. பழக்க தோஷம் யாரை விட்டது? முதலாளியின் நெஞ்சு புடைத்தது, “யா...” என்று குரல் கிளம்பியது. பாதியில் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டார்.

“நான்தான்,” என்றாள் என் நாத்தனார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. “அண்ணி, அடுத்தத குடுங்க.”